விளையாட்டு இல்லாத விளையாட்டுப் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. சோனி (பிளேஸ்டேஷன்), மைக்ரோசாஃப்ட் (எக்ஸ்பாக்ஸ்) போன்ற, தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பெட்டியான கன்சோலை விற்கும் நிறுவனங்கள் விளையாட்டை முழுவதுமாக நீக்கிவிட்டு, இணையம் வழியே படமும் தொடரும் பாட்டும் மட்டும் ஓடுகிற மலிவான ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றை விற்றால் என்ன என்பதே அது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் தம்பியும் கன்சோல் கேட்டால் அப்பா முறைக்கிறார். படம் பார்க்கும் பெட்டி என்றால் மறுக்க மாட்டார். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்ற பெயரோடு அப்படி ஒரு பெட்டியை நூறு டாலருக்குள் கொடுத்தால், அதன் வழியாகவே பிற்பாடு விளையாட்டுக்கும் ஆள் சேர்க்கலாம் அல்லவா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: விற்கக் கூடாது என்பதே என் கருத்து. கன்சோலை விற்பதால் மட்டும் நிறுவனங்கள் பெரிய லாபம் பார்ப்பதில்லை. புதிதாக வெளிவரும் காலத்தில் நட்டத்துக்கே விற்பதும் உண்டு. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தபோது 60 ஜி.பி. கருவியின் அமெரிக்க விலை 599 டாலர். அதைப் பிரித்துப் பார்த்து ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் போட்ட மதிப்பீட்டின்படி, உதிரிபாகங்களுக்கும் தயாரிப்புக்கும் மட்டுமே 840 டாலர் ஆனது. ஒவ்வொரு பெட்டியிலும் இருநூறு டாலருக்கு மேல் கையைக் கடிக்கும் வியாபாரத்தை ஒருவர் தெரிந்தே செய்கிறார் என்றால், வரவு வேறு வாசலில் இருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டிக்காக வெளிவரும் ஒவ்வொரு விளையாட்டிலும் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. இணையக் கடையில் விற்கும் விளையாட்டுகளில் அது வழக்கமாக 30 விழுக்காடு. சந்தா வருமானம் தனி. விளையாட்டை எடுத்துவிட்டால் அந்த வாசல் அடைபட்டுப்போகிறது.

காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கும். அந்தக் கொசுறை நினைத்தே ஒரு கடையை வாடிக்கையாக வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதற்காகக் காய்கறிக்காரர் கறிவேப்பிலைக்கென்று தனிக்கடை போடுவதில்லை. கன்சோலில் படம் என்பது அந்தக் கறிவேப்பிலைதான்.

ஆள் சேர்க்கலாம் என்கிறீர்கள். நூறு டாலர் பெட்டிக்குள் இருக்கும் சில்லால் பெரிய விளையாட்டுகளை இயக்க முடியாது. ஆகவே படப்பெட்டி வாங்கியவர் விளையாட விரும்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் கடிதமே சொல்கிறது. "இதில் படமும் பார்க்கலாம்பா" என்ற ஒற்றை வாக்கியத்தால்தான் பல வீடுகளுக்குள் கன்சோல் நுழைந்திருக்கிறது. படத்துக்கென்று அதே நிறுவனம் தனிப் பெட்டி விற்றால், அப்பா அதை வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டு, "படம் பார்க்கத்தானே கேட்டீர்கள்?" என்று கேட்பார். அதற்கு உங்களிடமும் தம்பியிடமும் பதில் இருக்காது.

கேள்வி: பிளேஸ்டேஷன் 2-ஐ டி.வி.டி. பிளேயராகவே வாங்கியவர்கள் ஏராளம் என்பார்களே! பொழுதுபோக்குக் கருவியாக அது பெற்ற வெற்றி உங்கள் வாதத்தை மறுக்கவில்லையா? (வாசகர், மதுரை)

பதில்: மறுக்கவில்லை; அதை என் பக்கச் சாட்சியாகவே அழைக்கிறேன். 2000 மார்ச் 4-ஆம் நாள் ஜப்பானில் 39,800 யென்னுக்கு வெளிவந்த அந்தக் கருவி, தனி டி.வி.டி. பிளேயர்கள் இன்னும் விலை இறங்காத காலத்தில், அதே காசுக்கு விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்தது. உலக அளவில் 15.5 கோடிக்கும் மேல் விற்ற அந்தக் கன்சோலின் பலம், இரண்டும் ஒரே பெட்டியில் இருந்ததில்தான் இருந்தது. படத்துக்காக வாங்கியவர் வீட்டிலும் விளையாட்டுத் தட்டு போடும் வாய் திறந்தே இருந்தது. ஏதோ ஒரு விடுமுறை நாளில் யாரோ ஒரு பிள்ளை அதில் ஒரு தட்டைப் போட்டுவிடும்.

தராசை மறுபக்கம் சாய்த்தால் என்ன ஆகும் என்பதையும் சோனியே சோதித்துப் பார்த்தது. 2003 டிசம்பரில் ஜப்பானில் மட்டும் வெளிவந்த பி.எஸ்.எக்ஸ். என்ற கருவி, பிளேஸ்டேஷன் 2-ஐ உள்ளே வைத்துக்கொண்டு, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வன்தட்டில் பதிவு செய்வதையே முதல் வேலையாகக் கொண்டது. 160 ஜி.பி. கருவி 79,800 யென், 250 ஜி.பி. கருவி 99,800 யென். ஆண்டு முடிவதற்குள் கடைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அறிவித்திருந்த வசதிகள் சிலவற்றை வெட்டிவிட்டே வெளியிட்டார்கள். விளையாடுகிறவருக்கு விலை அதிகம். பதிவு செய்கிறவருக்கு உள்ளே இருக்கும் கன்சோல் வேண்டாத சுமை. ஜப்பானை விட்டு அது வெளியே வரவே இல்லை.

கேள்வி: நூறு டாலருக்குப் "பிளேஸ்டேஷன் டி.வி." என்ற பெட்டி ஒன்று வந்ததாகப் படித்தேன். அது ஏன் நிலைக்கவில்லை? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நண்பர் ஒருவர் வீட்டில் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். 10.5 செ.மீ. நீளம், 6.5 செ.மீ. அகலம், 110 கிராம் எடை. ஒரு சீட்டுக்கட்டைச் சற்றே தட்டையாக்கினால் எப்படியோ அப்படி. பின்பக்கம் ஹெச்.டி.எம்.ஐ., யு.எஸ்.பி., இணையக் கம்பி ஆகியவற்றுக்கான துளைகள். பக்கவாட்டில் ஒரு சிறு மூடி. அதைத் திறந்தால் வீட்டா என்ற கையடக்கக் கன்சோலின் விளையாட்டு அட்டை செருகும் இடம். பொருளாகப் பார்த்தால் அழகானது. இன்றும் அதை விரும்பிச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜப்பானில் 2013 நவம்பர் 14 அன்று 9,954 யென்னுக்கும், அமெரிக்காவில் 2014 அக்டோபர் 14 அன்று 99 டாலருக்கும் அது வந்தது. உள்ளே இருந்தது வீட்டாவின் அதே உறுப்புகள். ஆனால் வீட்டாவில் தொடுதிரையும் கேமராவும் உண்டு, இதில் இல்லை. எனவே அவற்றை நம்பிச் செய்யப்பட்ட பல விளையாட்டுகள் இதில் ஓடவில்லை. சரி, படமாவது பார்க்கலாம் என்றால், வீட்டாவுக்கு நெட்ஃப்ளிக்ஸ் செயலி இருந்தும் அது இந்தப் பெட்டியில் இயங்கவில்லை. 2014-இல் அமெரிக்க வீட்டுத் தொலைக்காட்சிக்கு அடியில் வைக்கும் பெட்டியில் நெட்ஃப்ளிக்ஸ் இல்லை என்பது, திருமண மண்டபத்தில் சமையற்கட்டு இல்லை என்பதைப் போன்றது. 99 டாலர் பெட்டியோடு கன்ட்ரோலரும் வரவில்லை. அது வேண்டுமென்றால் 139 டாலர் தொகுப்பை வாங்க வேண்டும். உள்நினைவகமோ 1 ஜி.பி.தான், கூடுதலாக வேண்டுவோர் சோனியின் தனி வகை நினைவக அட்டையைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். 2015 முடிவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், 2016 பிப்ரவரியில் ஜப்பானிலும் விநியோகத்தை நிறுத்திவிட்டார்கள்.

நெட்ஃப்ளிக்ஸ் மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்பீர்கள். 2013 ஜூலையிலேயே கூகுள், தொலைக்காட்சியில் செருகி இணையப் படம் பார்க்கும் தன் குரோம்காஸ்ட்டை 35 டாலருக்கு விற்கத் தொடங்கிவிட்டது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

கேள்வி: ரோக்கு, அமேசான், கூகுள் எல்லாம் இப்படிப்பட்ட பெட்டிகளை விற்றே வளர்கின்றன. அவர்களுக்கு இனிப்பது கன்சோல்காரர்களுக்கு மட்டும் எப்படிக் கசக்கும்? (வாசகர், சென்னை)

பதில்: அவர்கள் பெட்டியை விற்று வளரவில்லை, பெட்டியை வீடு வீடாகச் சேர்த்துவிட்டு, அதன்பின் வருவதை அறுவடை செய்கிறார்கள். ரோக்குவின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்தும் சந்தாக்களில் கிடைக்கும் பங்கிலிருந்தும் வருகிறது. கருவி விற்பனை அண்மை ஆண்டுகளில் நட்டத்திலேயே ஓடியிருக்கிறது. கருவியை வாங்கும்போது அல்ல, பயன்படுத்தும்போதுதான் எங்களுக்கு வருமானம் என்று அமேசான் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. இந்தக் களத்தில் இறங்கும் கன்சோல் நிறுவனம், லாபமே வேண்டாம் என்கிற எதிரிகளோடு விலையில் மோத வேண்டும். மோதி வென்றாலும் விளம்பரம் விற்கும் புதுத்தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதில் நெட்ஃப்ளிக்ஸின் கதை ஒன்று உண்டு. கன்சோல்காரர்கள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கலாம். நெட்ஃப்ளிக்ஸ் முதலில் தன் சொந்தப் பெட்டியையே உருவாக்கியது. 2007 இறுதியில், கடைக்கு வரச் சில வாரங்களே இருந்த நிலையில், நிறுவனத் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் அதை நிறுத்தினார். நாமே பெட்டி விற்றால் பிற கருவி உற்பத்தியாளர்கள் நம்மைப் போட்டியாளராகப் பார்த்துச் சேவையைத் தங்கள் கருவிகளில் சேர்க்கத் தயங்குவார்கள் என்பது அவர் கணக்கு. அந்தப் பெட்டியையும் அதைச் செய்த குழுவையும் ஆன்டனி வுட் நடத்திவந்த ரோக்கு நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டார். 2008 மே மாதம் அது ரோக்குவின் பெயரில் 99.99 டாலருக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-இல் நெட்ஃப்ளிக்ஸ் ஏறியது. பெட்டியைக் கைவிட்டதால் எல்லாப் பெட்டிகளுக்குள்ளும் இடம் கிடைத்தது.

சோனிக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதன் பிரேவியா தொலைக்காட்சிகளில், படச் செயலிகளை ஓட்டும் ஆண்ட்ராய்டு டி.வி. என்ற மென்பொருள் 2015 முதலும், அதன் வழிவந்த கூகுள் டி.வி. பின்னரும் உள்ளடங்கி வருகின்றன. அதாவது, வாசகர்கள் கேட்கும் பெட்டியைச் சோனி ஏற்கெனவே கண்ணாடித் திரையோடு சேர்த்து விற்றுக்கொண்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் வியூ என்ற தொலைக்காட்சிச் சேவையை 2020 ஜனவரியிலும், பிளேஸ்டேஷன் கடையில் படங்கள் விற்பதை 2021 ஆகஸ்டிலும் நிறுத்திக்கொண்ட நிறுவனம், படத்துக்கென்று தனிப் பெட்டியோடு திரும்பிவர வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் இதை முயன்றதே இல்லையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பெட்டியாக விற்றதில்லை, ஆனால் அந்த ஆசைக்கு விலை கொடுத்திருக்கிறது. 2013 மே 21 அன்று எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமானபோது, மேடையில் விளையாட்டைக் காட்டிலும் தொலைக்காட்சியைப் பற்றிய பேச்சே ஓங்கியிருந்தது. கேபிள் பெட்டியின் கம்பியைக் கன்சோலுக்குள் செருகி, அதன் வழியாகவே சேனல்களைப் பார்க்கலாம். குரலால் மாற்றலாம் என்றார்கள். கினெக்ட் கேமராவையும் கட்டாயமாகச் சேர்த்ததால் விலை 499 டாலர். பிளேஸ்டேஷன் 4-க்கு 399. ஐரோப்பாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு விநாடிக்கு 50 படச்சட்டம் என்ற கணக்கில் இயங்க, கன்சோல் 60 என்ற கணக்கில் வெளியிட்டதால், பந்தாட்ட ஒளிபரப்பில் பந்து விட்டுவிட்டு நகர்ந்தது. தொலைக்காட்சிக்காகவே ஒரு கருவியை முன்னிறுத்தி, அதில் பந்து சீராக ஓடவில்லை என்றால் என்ன சொல்வது! அந்தத் தலைமுறையில் பிளேஸ்டேஷன் 4 எக்ஸ்பாக்ஸைப்போல் இரு மடங்குக்கும் மேல் விற்றது என்பதை 2022-இல் பிரேசில் போட்டி ஆணையத்திடம் மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் சொந்தத் தொடர்கள் எடுக்கத் தொடங்கிய ஸ்டுடியோவை மூடும் முடிவு 2014-இலேயே வந்துவிட்டது. 2020-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில் கேபிள் கம்பிக்கான துளையே இல்லை.

பிற்பாடு கீஸ்டோன் என்ற பெயரில், இணையம் வழியாக விளையாட்டைக் கொண்டுவரும் சிறு பெட்டி ஒன்றையும் செய்து பார்த்தார்கள். கன்ட்ரோலரோடு சேர்த்து 99 முதல் 129 டாலருக்குள் அடக்க முடியவில்லை என்று எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் 2022-இல் விளக்கினார். அதே ஆண்டு ஜூன் 30 முதல் சாம்சங் தொலைக்காட்சிகளிலும், 2024-இல் அமேசான் ஃபயர் டி.வி.யிலும் எக்ஸ்பாக்ஸ் செயலியாக ஏறிவிட்டது. நெட்ஃப்ளிக்ஸ் 2007-இல் கண்ட வழிக்கு மைக்ரோசாஃப்ட் பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது எனலாம்.

கேள்வி: என்னிடம் பழைய பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. படம் பார்க்க அதுவே போதாதா, தனியாக, தொலைக்காட்சியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று வாங்க வேண்டுமா? (வாசகர், சேலம்)

பதில்: வாங்கிவிடுங்கள். தொடக்ககால பிளேஸ்டேஷன் 4 படம் ஓட்டுவதற்கே ஏறத்தாழ 90 வாட் எடுத்துக்கொள்ளும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத மின்கணக்கில் ஏறத்தாழ 11 யூனிட். ஸ்டிக் எடுப்பது சில வாட்தான், அதே கணக்கில் அரை யூனிட்டைத் தாண்டாது.

மின்சாரத்தைவிடப் பெரிய தொல்லை கன்ட்ரோலர். எங்கள் வீட்டுப் பழைய கன்சோலின் கன்ட்ரோலரில் படத்தை முன்னும் பின்னும் ஓட்டும் விசைகள் அடிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும். பலகாரத் தட்டை வாங்குவதற்காக அதைத் தரையில் வைத்தால், அதன் எடையே விசையை அழுத்தி, படம் பத்து நிமிடம் தாண்டிப் போய்விடும். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது தட்டை வாங்கி, நிமிர்ந்து பார்த்தால் அவருக்குத் திருமணம் முடிந்திருக்கும். கடைசியில் என் மனைவி கன்ட்ரோலரைத் தலைகீழாகத்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு போட்டார்.

கேள்வி: நின்டெண்டோவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: கன்சோல் நிறுவனம்தான் என்றாலும் அவர்கள் இந்தச் சண்டைக்கே வரவில்லை. வீ, வீ யூ கன்சோல்களில் நெட்ஃப்ளிக்ஸ் இருந்தது. 2017 மார்ச் 3 அன்று வெளிவந்த ஸ்விட்ச்சில் அதைச் சேர்க்கவே இல்லை. அது 15 கோடிக்கும் மேல் விற்றுவிட்டது.