பையன் ஏதென்ஸுக்குப் போகட்டும்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஜான்ஸ் கிரீக்கில் பள்ளியிறுதி முடிக்கப்போகும் உங்கள் மகன் பள்ளி அரங்கின் ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்சர் மேசையை விட்டு நகர மறுக்கிறான், வார இறுதிகளில் 'வைட்ஸ்பிரெட் பானிக்' ராக் இசைக்குழுவின் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேர்க்கிறான். அவன் பெரியப்பாவோ, வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தில் கிடைத்த கணினி அறிவியல் இடத்தை விட்டால் குடும்ப மானம் போய்விடும் என்கிறார். கவலைப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் கையெழுத்திடப்போகும் கல்விக்கடன் நிச்சயமாகக் கவலைக்குரியதுதான்.

அந்தக் குழு வளர்ந்த விதத்தை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தொடங்கிய ஜான் பெல்லும் மைக்கேல் ஹவுசரும் 1981-இல் நம் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் ஜார்ஜியா பல்கலைக்கழக மாணவர்களாகச் சந்தித்தார்கள். 1986-இல்தான் இந்தப் பெயரில் மேடையேறினார்கள், முதல் இசைத்தொகுப்பு 1988-இல் வந்தது. வானொலியில் பெரிய வெற்றிப்பாடல் ஏதுமின்றி, தென்மாநிலங்களில் ஊர் ஊராக வண்டியோட்டியே அவர்கள் பெயர் பெற்றார்கள். ஒவ்வொரு இரவும் பாடல் வரிசையை மாற்றினார்கள். ரசிகர்கள் பதிவுசெய்துகொள்வதையும் தடுக்கவில்லை என்பதால், கல்லூரி விடுதிகளில் கைமாறிய கேசட்டுகளே அடுத்த ஊரில் கூட்டம் சேர்த்தன. 1998 ஏப்ரல் 18 அன்று ஏதென்ஸ் தெருவில் அவர்கள் இலவசமாக வாசித்தபோது, வந்த கூட்டம் 80,000-க்குக் குறையாது என்று மதிப்பிட்டார்கள்.

மேடையில் நிற்பவர்கள் ஆறே பேர். நேற்று ஆறு நிமிடத்தில் முடிந்த பாடல் இன்று இருபது நிமிடம் நீளும்போது, எந்தக் கித்தார் எப்போது மேலெழும் என்று தெரியாமல் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரில் விரலை வைத்துக் காத்திருக்க ஒருவர் வேண்டும். பதிவுகளைத் தொகுத்து விற்கவும், அரங்குகளோடு ஒப்பந்தம் பேசவும், பயணக் கணக்குப் பார்க்கவும் ஆட்கள் வேண்டும். உங்கள் மகனின் நாட்டம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவன் கித்தார் வாங்கித் தரச் சொல்லவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்!

இதற்கான வழி உங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டெரி வணிகக் கல்லூரியில் 2006 முதல் இசைத்தொழில் சான்றிதழ்ப் படிப்பு நடக்கிறது. முதன்மைப் பாடமாக வேறொன்றை எடுத்துப் பட்டம் பெற்றுக்கொண்டே இதையும் படிக்கலாம். வகுப்பு முடிந்து நடந்துபோகிற தூரத்தில் இசையரங்குகள் இருக்கும் ஊர் அது. மாலையில் கேபிள் சுருட்டும் வேலையிலிருந்துகூட அவன் தொடங்கலாம். மாநில லாட்டரிப் பணத்தில் 1993 முதல் இயங்கும் ஹோப் உதவித்தொகை, ஜார்ஜியாவில் வசிக்கும் மாணவனுக்கு பள்ளி மதிப்பெண்ணில் 4-க்கு 3.0 சராசரி இருந்தால் கிடைக்கும். விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் உங்கள் பொறுப்பு. கல்லூரிப் பாடங்களில் 30, 60, 90 கிரெடிட்களை எட்டும்போதெல்லாம் சராசரியைச் சரிபார்ப்பார்கள் என்பதால், பிடிக்காத பாடத்தில் தள்ளிவிட்டால் அந்தப் பணமும் நின்றுவிடக்கூடும். பெரியப்பா சொல்லும் வெளிமாநிலக் கல்லூரியில் இந்த உதவித்தொகையே செல்லாது.

மகனிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: படிப்பை நிறுத்திவிட்டுக் குழுவின் பின்னால் சுற்றுவதற்கு அனுமதி கிடையாது, அவன் கொண்டாடும் பெல்லும் ஹவுசரும் மாணவர்களாக இருந்தபோதுதான் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். இந்த வாரக் கடைசியில் அவனை ஏதென்ஸுக்கு அழைத்துப் போய், ஓர் இரவு மிக்சர் மேசைக்குப் பின்னால் நின்று நிகழ்ச்சியைப் பாருங்கள். அதுவரை வெளிமாநிலக் கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.