மட்டையான நண்பனைத் தூங்க விடலாமா?

*பார்ட்டிக்குப் போகும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டால் போதை ஏறாது என்கிறார்கள் ஹாஸ்டல் நண்பர்கள். சரியா?*

ஏறும், தாமதமாக. மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் ரத்தத்தில் கலக்கிறது. சாப்பாடு இருந்தால் இரைப்பை அதை மெல்ல மெல்லத்தான் கீழே அனுப்பும். அதனால் உச்சப் போதை குறையும், சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லதுதான். சிக்கல் எங்கே என்றால், 'இன்னும் ஒன்றுமே ஆகலையே' என்று அடுத்த ரவுண்டு ஊற்றுவதில். உணர்வை நம்பாமல் கணக்கை நம்புங்கள். குடிக்கும் மில்லியை அதிலுள்ள ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் ஆல்கஹால் என்று வரும். 5% பியர் 330 மில்லியில் சுமார் 13 கிராம், 40% விஸ்கி 60 மில்லியில் சுமார் 19. கல்லீரல் எரிப்பதோ மணிக்கு 7 முதல் 10 கிராம். எனர்ஜி டிரிங்க் கலந்து குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தூக்கத்தைத்தான் விரட்டும், போதையை அல்ல.

*நண்பன் மட்டையாகிவிட்டால் படுக்க வைத்துவிட்டு நாங்கள் தூங்கப் போய்விடுவோம். காலையில் தெளிந்துவிடுவான். இது போதாதா?*

போதாது. கடைசி ரவுண்டு முடிந்த பிறகும் அரைமணி, ஒருமணி நேரத்துக்கு மேல்கூட ரத்தத்தில் மது ஏறிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது உளறிக்கொண்டிருந்தவன் பிறகு சுயநினைவு இழக்கலாம். அந்த நிலையில் தொண்டையின் காப்பு அனிச்சை, அதாவது மூச்சுக்குழலுக்குள் எதுவும் போகாமல் தானாகவே இருமித் தடுக்கும் செயல், வேலை செய்யாது. மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போய் அடைக்கும். இப்படித்தான் பலர் இறக்கிறார்கள்.

முதலில் தோளைத் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறக்கவில்லை, பதில் இல்லை என்றால் அது தூக்கம் அல்ல. மூச்சு சரியாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் மண்டியிட்டு, உங்கள் பக்கமிருக்கும் அவன் கையை உடலுக்குச் செங்குத்தாக நீட்டுங்கள். மறு கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்களை நோக்கி உருட்டுங்கள். மடக்கிய கால் முன்னால் ஊன்றி நிற்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி மல்லாந்துவிடுவான். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் தரையைப் பார்த்தபடி விடுங்கள். போர்த்துங்கள், மது உடல்சூட்டைக் குறைக்கும். பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவதும் இதனாலேயே கூடாது. விரல்விட்டு வாந்தி எடுக்க வைப்பது, வாயில் காபி புகட்டுவது இரண்டுமே மூச்சடைப்பில் முடியலாம்.

எழுப்பியும் எழாதவனுக்கு ஆம்புலன்ஸ் வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே, இரு மூச்சுக்கு இடையே 10 விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம் பாய்தல், வலிப்பு, தலையில் அடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ்தான். மூச்சே இல்லையென்றால் மார்பை அழுத்தி முதலுதவி தொடங்குங்கள். வண்டி வரும்வரை ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். எவ்வளவு குடித்தான், தூக்க மாத்திரை ஏதும் போட்டானா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் கழியும் அரைமணி நேரமே ஆளைக் கொன்றுவிடலாம்.

*இரவு குடித்துவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தால் காலையில் பைக் ஓட்டலாம்தானே?*

60 மில்லி வீதம் 5 ரவுண்டு விஸ்கி 96 கிராம். மணிக்கு 8 கிராம் என்று வைத்தால் 12 மணி நேரம். இரவு 9 மணிக்குத் தொடங்கியிருந்தால், காலை 9 வரை ரத்தத்தில் மது இருக்கும். தூக்கம் இந்தக் கணக்கில் ஒரு நிமிடத்தையும் குறைக்காது.