மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் போய்விடுமா? அதற்கு முன் வீட்டை மனைவி பெயருக்கு எழுதி வைக்கலாமா? இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா நான். ஜவுளி வியாபாரம் நொடித்துப் போனவர்கள் எங்கள் ஆபீஸுக்கு வந்து முதலில் கேட்பதும் இதைத்தான்.

நோட்டீஸ் வெறும் தகவல்தான். "என்னால் கட்ட முடியவில்லை" என்று வக்கீல் மூலம் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. கோர்ட்டில் ஐ.பி. மனு, அதாவது திவால் மனு போட்டு, நீதிபதி திவால் என்று உத்தரவு போட்டால்தான் கணக்கு. சென்னை நகருக்கு 1909-ஆம் வருடச் சட்டம், வெளியூர்களுக்கு 1920-ஆம் வருடச் சட்டம். 2016-இல் புதுத் திவால் சட்டம் வந்தாலும், உங்களைப் போன்ற தனி நபர்களுக்கான பகுதி இன்னும் அமலுக்கு வரவில்லை. பழைய சட்டப்படி 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம்! அந்தக் காலத்து 500.

மனுவில் கடன் கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயர், விலாசம், தொகை எல்லாம் வர வேண்டும். உங்கள் சொத்தும் ஒன்றுவிடாமல் வர வேண்டும். வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் 1920-ஆம் வருடச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை.

இப்போது வீட்டு விஷயம். வீட்டை மனைவிக்குச் செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம், எழுதிய இரண்டு வருடத்துக்குள் ஐ.பி. போட்டு, அதில் திவால் உத்தரவும் வந்தால், அந்தப் பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். எதிர்த்தரப்பு வக்கீல் பெரிதாக ஒன்றும் மெனக்கெட வேண்டாம். வில்லங்கச் சான்றிதழ் ஒன்று போட்டு, பத்திரத் தேதியையும் புரோநோட்டுத் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீட்டுவார். கடன் எல்லாம் முன்னாடி, செட்டில்மென்ட் பின்னாடி என்று இருந்தால் நம் பக்கம் பேச என்ன இருக்கிறது? சரி, இரண்டு வருடம் கழித்துப் போடலாமே என்பீர்கள். கடன் கொடுத்தவரை ஏய்க்க எழுதியது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் தனியாக வழக்குப் போடுவார்கள். 1920-ஆம் வருடச் சட்டத்திலும் சரி, இந்தச் சட்டத்திலும் சரி, அது 53-வது பிரிவுதான், வேடிக்கை. இந்த யோசனையை யார் சொன்னாரோ, அவரிடம் இனி யோசனை கேட்காதீர்கள்.

வீட்டைப் பேங்க்கில் அடமானம் வைத்திருந்தால் ஐ.பி. அதைக் காப்பாற்றாது. பேங்க் தன் வழியில் ஏலத்துக்குப் போகும். ஆனால் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் கருவி, தாலி இவற்றை யாரும் தொட முடியாது.

திவால் உத்தரவோடும் முடியவில்லை. கோர்ட் சொன்ன கெடுவுக்குள் கடனிலிருந்து விடுதலை கேட்டு மனுப் போட வேண்டும். விட்டுவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகும். விடுதலை கிடைக்கும்வரை அப்பா வழியில் ஏதாவது சொத்து வந்தாலும் அது ரிசீவர், அதாவது சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமிப்பவர், கைக்குத்தான் போகும். அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியில் வாங்கியது, மனைவி பிள்ளைகளுக்குக் கோர்ட் போட்ட ஜீவனாம்சம் ஆகியவை விடுதலைக்குப் பிறகும் நிற்கும்.

மச்சான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு விடுதலை கிடைத்தாலும் அவருக்குக் கிடைக்காது. முழுத் தொகைக்கும் அவரைப் பிடிப்பார்கள். மனுப் போடுவதற்கு முன்பே அவரையும் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.