ஐந்து வருடமாக ஒரே கிடா: குட்டிகள் ஏன் நோஞ்சானாகப் பிறக்கின்றன?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். சாயல்குடி பக்கம், மாரியூருக்கு அருகில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார், ஆடு என் பொறுப்பு. ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி 40 பெட்டை, ஒரு கிடா. ஐந்து வருடத்துக்கு முன் குட்டியாக வாங்கி வளர்த்த கிடா. சாது, கொம்பும் அழகு. பெட்டைகளில் முக்கால்வாசி இதற்குப் பிறந்தவைதான். இந்தத் தையில் 33 குட்டி விழுந்தது. மூன்று செத்தே பிறந்தன. இரண்டுக்குக் கீழ்த்தாடை குட்டை, காம்பைப் பிடிக்க முடியவில்லை. ஒன்றுக்கு இமை உள்ளே மடிந்து கண்ணில் நீர் வடிகிறது. மிச்சமும் நோஞ்சான். அம்மா வீட்டிலிருந்து போன வருடம் ஓட்டிவந்த 9 ஆடு போட்ட குட்டிகள் மட்டும் தேவலை. மருந்துக்கடைக்காரர் மாதாமாதம் பூச்சிமருந்து, டானிக், கால்சியம் ஊசி தருகிறார். எந்த டானிக் நல்லது? போனில் "ஒரே ஈற்றில் இரண்டு குட்டி" கிடா என்று 40,000 ரூபாய் சொல்கிறார்கள், வாங்கலாமா? தம்பி வீட்டு ராஜபாளையம் நாய் போட்டதில் இரண்டு குட்டிக்குக் காது கேட்கவில்லை. அதற்கும் மருந்து சொல்லுங்கள்.

பதில்: அம்மா, எந்த டானிக் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த டானிக்கும் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அம்மா வீட்டு ஆடு போட்ட குட்டிகள் மட்டும் ஏன் தேவலை?

அந்த 9 ஆடும் மேய்ந்தது அதே தரவையில். குடித்தது அதே ஊரணித் தண்ணீர். விழுங்கியது அதே பூச்சிமருந்து. சேர்ந்ததும் அதே கிடாவோடுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அவை அந்தக் கிடாவின் மகள்கள் இல்லை. தீனிக் குறை என்றும் சொல்ல முடியாது. தையில் ஈன்ற ஆடு சினையின் கடைசி இரண்டு மாதத்தைக் கார்த்திகை, மார்கழியில் கழித்திருக்கிறது. உங்கள் பக்கம் புல் கிடைக்கிற காலமே அதுதான்.

தகப்பனையும் மகளையும் சேர்த்தால், பிறக்கும் குட்டியின் உள்ளினச் சேர்க்கை அளவு, அதாவது ஒரே மூதாதையின் ஒரே மரபணுப் பிரதி தாய் வழியும் தகப்பன் வழியும் வந்து கூடுகிற வாய்ப்பு, 25 சதவீதம். அந்தக் குட்டியும் பெட்டையாகி மறுபடி அதே கிடாவோடு சேர்ந்தால் 37.5 சதவீதம். இந்தக் கணக்கு முறையைச் சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் 1922-இல் வகுத்துக் கொடுத்தார். அமெரிக்க வேளாண்மைத் துறையில் கினிப் பன்றிகளைத் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே சேர்த்து வளர்த்த பதிவுகள் அவர் கையில் இருந்தன. எடை குறைவது, குட்டி சாவது, நோய்க்குத் தாங்காமல் போவது எல்லாம் அவற்றில் இருந்தன. உங்கள் தைக் குட்டிகளின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். உங்கள் பட்டியில் 40 பெட்டை, 1 கிடா. மரபியல் கணக்கில் அது 41 ஆடு ஆகாது. நான்கு பெருக்கல் கிடா எண்ணிக்கை பெருக்கல் பெட்டை எண்ணிக்கை, அதை மொத்தத்தால் வகுக்க வேண்டும். 160-ஐ 41-ஆல் வகுத்தால் 4-கூட வரவில்லை. அதாவது 40 பெட்டை வைத்திருக்கிற நீங்கள், பரம்பரை வளத்தில் நாலு ஆடு வைத்திருக்கிறீர்கள். உறவில்லாத இரண்டு கிடா இருந்தால் 7.6, நான்கு இருந்தால் 14.5. பெட்டையைக் கூட்டிப் பயனில்லை. எண் ஏறுவது கிடாவால்தான்.

தாடைக்கு வருகிறேன். ஒளிந்து நிற்கும் வகைக் குறை அது என்று வைத்துக்கொள்வோம். கிடா பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே அந்தக் குறையின் ஒரு பிரதியைச் சுமக்கும். மகள்களில் பாதிக்கு அது இறங்கும். அந்த மகள்களைத் தகப்பனோடு சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு இரண்டு பக்கமும் கூடிக் குறை வெளியே தெரியும். மொத்தத்தில் எட்டுக்கு ஒன்று. வீட்டு ஆடு போட்டது 24 என்றால் மூன்று குட்டிக்கு எதிர்பார்க்கலாம். உங்களுக்கு இரண்டு. இமை மடிவதும் பல நேரம் பரம்பரையாக வருவதுதான். இமை மடிந்த குட்டியை நாளைக்கே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள், விட்டால் கண்ணில் வெள்ளை விழுந்துவிடும். தாடைக் குட்டிகளுக்குப் பால் புட்டி. மூன்றையும் கறிக்கு வளர்க்கலாம், இனத்துக்கு வேண்டாம்.

செத்துப் பிறந்த மூன்றையும் மரபணு மேல் போட்டுவிட மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசுவினும் சிறிய ஒரு கடிபூச்சி பரப்புகிற நீலநாக்கு நோய் சினையாட்டைத் தொட்டால் குட்டி வயிற்றிலேயே சாகும், அல்லது மந்தமாகப் பிறக்கும். புரூசெல்லா கிருமியாலும் சினை கலையும், அது மனிதருக்கும் ஒட்டும். செத்த குட்டியையும் நச்சுக்கொடியையும் வெறும் கையால் எடுக்காதீர்கள். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு ரத்த மாதிரி அனுப்பச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கிடாவின் ரத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அதை மறந்துவிடுவார்கள்.

முந்தி நம் பக்கத்தில் இந்தத் தொல்லை ஏன் பெரிதாக இல்லை? ஊர் ஊராக ஆட்டை ஓட்டிப்போய் மேய்க்கிற கீதாரிகள் வைத்திருந்தது தனிப் பட்டி இல்லை. நாலைந்து வீட்டு ஆட்டை ஒன்றாக்கி, அறுவடை முடிந்த கையோடு தஞ்சாவூர்ப் பக்கம் ஓட்டிப்போய்க் கிடை போட்டார்கள். நூற்றுக்கணக்கான ஆட்டுக்குப் பல வீட்டுக் கிடா. போகிற வழியில் வேறு ஊர்க் கிடையும் கலக்கும். எந்தக் குட்டிக்கு எது தகப்பன் என்று தெரியாது, அதுவே பாதுகாப்பாக இருந்தது. இன்றைக்குக் கம்பிவேலி, பரண் கொட்டகை, ஒற்றைக் கிடா. கொட்டகைக்குக் கடன் தருகிறவர்கள் கிடா மாற்றுவதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இனி நான் யாரிடமும் விடாமல் சொல்லும் விஷயம். நோட்டு. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். ஒவ்வொரு ஆட்டுக்கும் காதுத்தோடு எண், தாய் எண், தகப்பன் எண், பிறந்த தேதி, ஒற்றையா இரட்டையா, மூன்று மாதத்தில் எடை. மீன் நிறுக்கும் தொங்கு தராசு உங்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும், சாக்கில் போட்டுத் தொங்கவிட்டால் எடை வந்துவிடும். எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதன் கையில் கொடுங்கள். பெரியவர்கள் "மனசில் இருக்கிறது" என்பார்கள். நாற்பது ஆட்டின் தாய் யார் என்பது மனசில் இருக்கலாம், பாட்டன் யார் என்பது இருக்காது. கால்நடைப் பல்கலைக்கழகம் வைத்திருப்பதும் இதே நோட்டுதான், கணினியில் இருக்கிறது, அவ்வளவுதான். மேச்சேரி என்ற செம்மறி இனத்துக்குச் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978-லிருந்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே எந்தக் கிடாவையும் தகப்பன் பேர் இல்லாமல் பெட்டையோடு விடமாட்டார்கள்.

நோட்டு இருந்தால் அடுத்தது தானாக வரும். ஒரு கிடா உங்கள் பட்டியில் ஒன்றரை வருடம், மிஞ்சினால் இரண்டு. மகள்கள் பருவத்துக்கு வருவதற்குள் வெளியே போய்விட வேண்டும். உங்களைப் போல ஆடு வைத்திருக்கும் நாலு வீட்டைச் சேருங்கள், வேறு வேறு ஊராக இருந்தால் இன்னும் நல்லது. பெட்டை அவரவர் வீட்டிலேயே இருக்கும். கிடா மட்டும் முதல் வீட்டிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டிலிருந்து மூன்றாவதுக்கு என்று சுற்றி வரும். காசு செலவில்லை. சுற்றுக்கு விடுமுன் நாலு கிடாவுக்கும் புரூசெல்லா பரிசோதனை, புது வீட்டில் மூன்று வாரம் தனிக் கட்டு. இந்த இரண்டையும் விட்டால் கிடாவோடு நோயும் வீடு வீடாகச் சுற்றும். இப்போது இருக்கிற கிடாவை இந்தச் சுற்றில் விடாதீர்கள், எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி. கறிக்குப் போகட்டும். அதன் மகன்களில் ஒன்றைக்கூடக் கிடாவாக நிறுத்த வேண்டாம்.

இன்னொரு தப்பு எல்லா வீட்டிலும் நடக்கிறது. பக்ரீத் வருகிறது, ஏர்வாடி, கீழக்கரை வியாபாரி வருகிறார், குலசாமிக்கும் ஒன்று வேண்டும். எடை போட்ட கிடாக்குட்டி எல்லாம் முதலில் போகும். விலை போகாமல் நிற்கிற சோதாதான் பட்டிக்குக் கிடாவாகிறது. வருடாவருடம் நல்லதை வெட்டி மட்டமானதை விதைக்கு வைக்கிறோம். வியாபாரி படலுக்குள் வருவதற்கு முன்பே, நோட்டைப் பார்த்து நல்ல குட்டி இரண்டுக்குக் காதில் அடையாளம் போட்டு, அதற்கு விலை பேசாதீர்கள். உங்கள் சுற்றில் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியவை அவைதான்.

பூச்சிமருந்துக் கதையும் இதோடு சேர்ந்தது. மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். அதோடு, புழுவைத் தாங்கும் சக்தி ஓரளவு பரம்பரையில் இறங்குவது. எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்தால் தாங்குகிற ஆடு எது, தாங்காதது எது என்றே தெரியாமல் போகும். கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் விடுங்கள், வெளுத்திருந்தால் மருந்து. வெளுக்காத தாயின் குட்டியைத்தான் கிடாவுக்கு நிறுத்த வேண்டும். மாதாமாதம் ஊற்றச் சொல்கிறவர் பாட்டில் விற்கிறார், வேறொன்றுமில்லை. அவர் மாட்டுத் தாது உப்பு தந்தால் அதையும் வாங்காதீர்கள். அதில் தாமிரம் கூடுதல், செம்மறியின் ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் விஷமாகும்.

சரி, 40,000 ரூபாய்க் கிடா. இரட்டைக் குட்டி மரபணு என்பது பொய்யில்லை. சுந்தரவனத்துச் சதுப்பில் மேயும் வங்காளத்துக் காரோல் ஆட்டில் இருப்பது அது. 1792, 1793-இல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய ஆடுகள் வழியாக ஆஸ்திரேலியாவின் புரூலா மெரினோ என்ற செம்மறி வகைக்குள் போனது. 2001-இல் எந்த மரபணுவில் எந்த மாற்றம் என்று கண்டுபிடித்தார்கள். அதை நம் நாட்டில் மகாராஷ்டிரா பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தக்காண ஆட்டோடு சேர்த்து நாரி சுவர்ணா என்று உருவாக்கியது. ரத்தம் எடுத்துச் சோதித்தால் கிடாவிடம் அது இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். போனில் விற்கிறவரிடம் அந்தச் சோதனைத் தாளைக் கேளுங்கள். பத்திரம் பார்க்காமல் நிலம் வாங்குவோமா? தாளைக் காட்டாமல், இரட்டைக் குட்டிக்குப் பால் கொடுக்கும் வீடியோ ஒன்றை அனுப்புவார். அந்தத் தாய் யாருடையது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

தாள் உண்மையாகவே இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம் என்பேன். நம் வெள்ளை ஆடு ஒரு குட்டிக்குப் பால் கொடுக்கும் ஆடு. சித்திரை, வைகாசியில் கருவேல நெற்றும் காய்ந்த சருகும் தின்று இரண்டுக்குக் கொடுக்காது. கையில் தீவனம் வாங்கிப் போட முடிந்தவருக்கு அது சரி. அதைவிட முக்கியம், உங்கள் பழைய பழக்கத்தோடு அந்தக் கிடாவை வைத்தால், ஒற்றைப் பிரதி சுமக்கிற மகள்கள் தகப்பனோடேயே சேர்ந்து, நாலில் ஒன்றாவது இரட்டைப் பிரதியோடு பிறக்கும். அந்தப் பெட்டைகள் ஒரே ஈற்றில் மூன்றுகூடப் போடும். மூன்றும் சவலை.

உறவில்லாத ராமநாதபுரம் வெள்ளைக் கிடா ஒன்றை, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கிடை வைத்திருக்கும் கீதாரியிடமே போய்ப் பாருங்கள். இரண்டு பல் போட்ட கிடா. கீழ்ப்பல் மேல் ஈறுத் திண்டில் சரியாக உட்கார வேண்டும், விதை இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருக்க வேண்டும், இமை சுத்தமாக இருக்க வேண்டும். தாயைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாதவரிடம் வாங்காதீர்கள். சந்தையில் வாங்கினால் இதெல்லாம் தெரியாது. பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே தரகர் ஒரே கொட்டகையின் அண்ணன் தம்பிக் கிடாவைத் தள்ளிவிட்டிருப்பார். கிடா மாற்றிவிட்டோம் என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

தம்பி வீட்டு நாய்க்குட்டிக்கு மருந்து இல்லை அம்மா. காதின் உள்ளே நிறமி செல்கள் இல்லாமல் போனால், ஒலியை வாங்கும் செல்கள் பிறந்த சில வாரங்களில் பட்டுப்போகும். தூய வெள்ளையும் ரோஸ் மூக்கும்தான் அசல் ராஜபாளையம் என்று விலை ஏற்றி, அதற்காக உறவுக்குள்ளேயே சேர்க்கிறவர்கள் இதை வளர்த்துவிட்டார்கள். ஒற்றைக் காது கேட்காத குட்டி வீட்டில் யாருக்கும் தெரியாது, அதுவும் வம்சத்துக்குக் குறையைக் கடத்தும். அதனால் அந்தத் தாயையும் தகப்பனையும் மறுபடி சேர்க்க வேண்டாம். கேட்காத இரண்டையும் விற்காமல், சொல்லிவிட்டுச் சும்மா கொடுக்கச் சொல்லுங்கள். மதில் உள்ள வீடாகப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து வீட்டுக்குக் கொடுத்தால், பின்னால் வருகிற லாரி ஹாரன் அதற்குக் கேட்காது.