நீச்சல் சொல்லித்தரும்போது குழந்தையை எங்கே பிடிக்கலாம்?

ஆறு வயது மகளை நீச்சலுக்குச் சேர்க்கிறீர்கள். மாஸ்டர் தொடாமலே சொல்லித்தர முடியாதா என்று கேட்கிறீர்கள். ஆரம்பத்தில் கஷ்டம்தான். ஆனால் பிடிக்க வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான்.

மல்லாந்து மிதக்க ஒரு உள்ளங்கை பிடரிக்கு அடியில், இன்னொன்று மேல்முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே. தட்டு ஏந்துவதுபோல் விரல்களை விரித்து வைக்க வேண்டும். இறுக்கினால் குழந்தை கழுத்தை விறைத்துத் தலையைத் தூக்கும். உடனே இடுப்பு தாழும். அப்போது இடுப்புக்கு அடியில் கை கொடுப்பதுதான் வழக்கமான தப்பு. காது தண்ணீருக்குள் போய், கண் கூரையைப் பார்த்தாலே இடுப்பு மேலே வந்துவிடும்.

கால் உதைக்க மிதவைப் பலகையோ குளத்தின் விளிம்போ போதும். அதுவும் பயமென்றால் குழந்தை மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். வேண்டாமென்றால் அதுவே விட்டுவிடலாம் அல்லவா? உதையைத் திருத்தக் கணுக்காலைத் தொட்டால் போதும், தொடை வேண்டியதில்லை.

தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்: "இப்போ முதுகுக்குக் கீழே கை வைக்கிறேன், சரியா?" "வேணாம்" என்றால் பலகைதான். வகுப்பு முழுக்க நீங்கள் பார்க்கும் இடத்தில் நடக்கட்டும். உடை மாற்றிவிடுவது உங்கள் வேலை, மாஸ்டருடையது அல்ல.

மூழ்கும்போது மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. கைக்கு எட்டிய இடத்தைப் பிடித்துத் தூக்க வேண்டியதுதான்.

குழந்தை ஏதாவது உறுத்தலாகச் சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம்.