வேகம் இருந்தும் மேட்ச் ஏன் நின்று நின்று ஓடுகிறது?

கேள்வி: தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டில் 4ஜி ரவுட்டர். பகலில் இணைய வேகத்தைச் சோதித்தால் 25 எம்பிபிஎஸ் (Mbps) காட்டுகிறது. இரவில் கிரிக்கெட் நேரலை பார்த்தால் படம் நின்று நின்றுதான் ஓடுகிறது. பெரிய பேக்கேஜுக்கு மாறுவதா, ஃபைபருக்குக் காத்திருப்பதா, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வாங்குவதா?

பதில்: பேக்கேஜை மாற்ற அவசரப்படாதீர்கள். எச்டி நேரலைக்கு 5 முதல் 8 எம்பிபிஎஸ் போதும். திரைப்படம் என்றால் அடுத்த சில நிமிடக் காட்சியை டிவி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும்; நடுவில் சிக்னல் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. இன்னும் வீசாத பந்தை எப்படி இறக்கி வைப்பது? நேரலையில் கையிருப்பு சில விநாடிகள்தான். அதனால் உச்ச வேகத்தை விடுங்கள். இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வேகம் எவ்வளவு கீழே விழுகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே டவரில்தான் தொங்குகிறது. சில இரவுகள் சோதியுங்கள், ஒரு மழை நாளையும் சேர்த்து. 10க்குக் கீழே போகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான். டிவிக்கு வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து கேபிள் கொடுத்துப் பாருங்கள். 2, 3 என்று விழுந்தால் சிக்னலையும் டவரையும் கவனிக்க வேண்டும்.

மூடுபனிதான் சிக்னலைத் தின்கிறது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். 4ஜி அலைக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. மலைமுகடும் தகரக் கூரையும்தான் தடை. ரவுட்டரை டிவிக்கு அடியில் வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் உயரமாக வையுங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்று சிக்னலின் பலத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். -90 அல்லது அதைவிட நல்லது (-80 போல) என்றால் கவலையில்லை; -110ஐத் தாண்டிக் கீழே போனால் நேரலை சிரமம். இரண்டு அடி நகர்த்தினாலே அந்த எண் மாறுவதைப் பார்ப்பீர்கள். வெளி ஆன்டெனா மாட்டும் துளை உள்ள ரவுட்டர் என்றால், கூரைக்கு மேலே ஒன்றை டவரைப் பார்த்துப் பொருத்துவது பேக்கேஜை உயர்த்துவதைவிடப் பிரயோசனம். சிக்னல் நன்றாக இருந்தும் இரவில் மட்டும் விழுந்தால் டவரில் நெரிசல். அப்போது பக்கத்து வீட்டுக்காரரின் வேறு நிறுவன சிம்மை அதே ஜன்னலில், அதே இரவு நேரத்தில் சோதித்த பிறகு முடிவெடுங்கள்.

ஃபைபர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். நேரலைக்கு அதைவிட நிலையான இணைப்பு இல்லை, பழைய செம்புக் கம்பிபோல இடிமின்னலுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் விளம்பரத்தில் ஊர்ப் பெயர் இருந்தால் போதாது. உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள கம்பத்தில் ஃபைபர் பெட்டி இருக்கிறதா, அதில் இடம் காலியா என்று கேளுங்கள். தோட்டத்துக்குள் கம்பம் நட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டியிருக்கும்.

ஸ்டார்லிங்க் 2025இல் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. டவரே எட்டாத பள்ளத்தாக்குக்கு அது சரியான வழி. ஆனால் திறந்த வானம் வேண்டும். யூகலிப்டஸ் மரங்கள் மறைத்தால் படம் விட்டுவிட்டு வரும். செலவும் கூட. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து எடுக்க நினைத்தால் நிபந்தனைகளை முதலில் வாசியுங்கள். சக்தி, வசந்தம், நேத்ரா போன்ற சேனல்கள் மட்டும் போதுமென்றால் இணையமே வேண்டாம், டிஷ் ஆன்டெனா மலிவு. கடும் மழையில் சில நிமிடம் படம் போகும், அவ்வளவுதான்.

டேட்டா கணக்கையும் பாருங்கள். 5 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.25 ஜீபி, ஒரு டி20 மேட்ச் முடியும்போது 8 ஜீபி போயிருக்கும். பேக்கேஜில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணில் பாதி நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கும் டேட்டாவாக இருக்கலாம். மேட்ச் அதற்கு முன்பே முடிந்துவிடும். எந்நேரமும் பாவிக்கக்கூடிய அளவை மட்டும் கணக்கில் எடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்; விளக்கு எரிந்து எரிந்து அணையும்போதெல்லாம் ரவுட்டர் மறுபடி எழும்பி இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும், அதற்குள் ஒரு ஓவர் போய்விடும்.