மாதவிடாய் நின்ற பின் தாம்பத்திய நாட்டம் குறைந்தால் என்ன செய்யலாம்?

மாதவிடாய் நின்ற பின் தாம்பத்தியத்தில் நாட்டமில்லை, அதை வெறுப்பென்று கணவர் எண்ணுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அக்கா. இது வெறுப்பல்ல. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹோர்மோன் குறைவதால் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டு, உறவின்போது எரிவும் நோவும் உண்டாக, அந்த நோவுக்கு அஞ்சும் மனம் ஆசையையும் தள்ளிவைத்துவிடுகிறது. இதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

முதலில் நோவைத் தீர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பாமசியில் கிடைக்கும் நீர்சார்ந்த மசகு ஜெல் உறவு நேரத்துக்கு உதவும். அது போதாவிடில், உள்ளே இடும் ஈஸ்ட்ரோஜன் கிறீமை மருத்துவர் எழுதித் தரலாம், ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முன்கூட்டியே அவரிடம் தெரிவிப்பது அவசியம். மனச்சோர்வுக்கான சில குளிசைகளும் நாட்டத்தைக் குறைப்பதுண்டு. அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்கில் இவற்றைக் கூச்சமின்றிக் கேட்கலாம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் இரத்தம் கண்டால், தாமதிக்காமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.